இருட்டுக் காலத்தில் எங்களை வெளியே கூப்பிட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பதினாறு வருடம் ஒஸ்லோவில் இருந்துவிட்டு, போன ஒக்டோபரில் பிள்ளைகளோடு நோர்வேயின் வடக்குக் கோடியிலுள்ள துரொம்சோவுக்கே திரும்பி வந்தோம். ஏழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா அம்மாவோடு வந்து இறங்கி நான் வளர்ந்த இடம், எனக்கு ஊர் என்றால் இதுதான். ஆனாலும் சரியான பயம். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும், ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைகள் அதுவரை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். முடங்கவில்லை. அதற்குக் காரணமான உங்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மேல் வீட்டு அம்மாவுக்கு. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் விளக்கு வைக்கப் போனால் காற்று ஒன்றையும் எரிய விடவில்லை. நீங்கள் யன்னலால் பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, பனி உருண்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே போகப் போக ஒடுக்கி, நடுவில் மெழுகுதிரி வைக்க என் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தீர்கள். ஸ்னோலிக்த், பனிவிளக்கு. நானும் சின்ன வயதில் செய்ததுதான், எப்படி மறந்தேனோ தெரியாது. படி நெடுக ஏழு விளக்கு, உருண்டைகளின் இடுக்கால் மஞ்சள் வெளிச்சம். என் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்று, ஊரில் வாழைக்குற்றி நட்டு விளக்கேற்றியதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அப்பா போன பிறகு அம்மா அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. அடுத்த நாள் உங்கள் ஸ்பார்க்கையும் கொண்டுவந்து விட்டீர்கள். நீளமான இரும்புத் தண்டுகளில் சறுக்குகிற அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எழுபது தாண்டிய அம்மா வழுக்குகிற தெருவில் தனியாகக் கடைக்குப் போய் வருகிறார்.

பக்கத்து வீட்டு அண்ணா, ஸ்கிக்கு மெழுகு பூசப் பழக்கியதற்கு நன்றி. கடும் குளிருக்குப் பச்சை, கொஞ்சம் குறைந்தால் நீலம், பூச்சியத்துக்கு மேலே போனால் சிவப்பு என்று மகன் இப்போது எனக்கே வகுப்பு எடுக்கிறான். பின்னேரம் நாலு மணிக்கு, நட்டநடு இரவு போன்ற இருட்டில், எங்கள் நகரம் இருக்கிற தீவின் முதுகில் ஓடுகிற விளக்குப் பாதையில் அவனோடு சறுக்கிப் போகும்போது எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றிருக்கும்.

அப்பாவோடு மீன் தொழிற்சாலையில் நின்ற மாமா, நீங்கள் தந்த தொர்ஸ்க் மீனை ஈரலும் சினையுமாக அவித்து, மெல்யே என்கிற இந்த ஊர்ச் சாப்பாடு செய்தோம், மிச்சத்தில் அம்மா சொதி வைத்தார். பக்கத்துத் தீவான குவாலோயாவில் எங்கள் கார் பனிக்குள் இறங்கியபோது நிறுத்தி இழுத்துவிட்ட இரண்டு பேரும் பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள். உங்களுக்கும் நன்றி.

அப்புறம் மகளின் ஆசிரியைகள். ஜனவரி 21, சூரிய நாள். மலைகளுக்கு மேலாக ஊருக்குள் சூரியன் எட்டிப் பார்க்கிற நாளென்று உள்ளே ஜாம் வைத்த சூரிய பணிஸ் தின்று, பிள்ளைகளெல்லாம் தெற்கே பார்த்து நின்று பாடினார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தீர்கள். முகில் மூடி ஒன்றும் தெரியவில்லை. வாடிப்போன மகளிடம், முகிலின் ஓரம் சிவந்ததைக் காட்டி, அதுவும் சூரியன்தான் என்றீர்கள். மூன்றாம் நாள் எங்கள் குசினிச் சுவரில் ஒரு கை அகல வெயில் விழுந்தது. அவள் ஓடிப்போய் அதில் கன்னத்தை வைத்தாள்.

பெப்ரவரியில் கலைமான் ஓட்டம் பார்க்கக் கூட்டிப்போன என் வேலைத்தோழிக்கும் நன்றி. நகரின் பெரிய தெருவில் மான் பாய, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஸ்கியில் ஆள் பறக்கிறார்! நீங்கள் இந்த வடக்கின் பழங்குடிகளான சாமி இனத்தவர், அது உங்கள் இனத்தின் விழா வாரம், இருந்தும் அன்று முழுக்க என் பிள்ளைகளுக்குச் சுருக்குக் கயிறு வீசப் பழக்கிக்கொண்டு நின்றீர்கள்.

மேல் வீட்டு அம்மா, உங்கள் ஸ்பார்க் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. சனிக்கிழமை கீழே வாருங்கள், அம்மா வடை சுடுகிறார்.