புது பிரிண்டர் வேண்டாம், கண்ணா

சத்துவாச்சாரி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், உன் நலம் அறிய ஆவல். எனக்காக ஆர்டர் போட்டிருக்கும் புது பிரிண்டரை முதல் வேலையாக ரத்து செய்துவிடு. பழையது நன்றாக ஓடுகிறது. நேற்று மட்டும் 23 மனு அடித்தேன். போனில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் பாதிதான் காதில் வாங்குவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் பதறிப்போய் உன்னைக் கூப்பிட்டது உண்மைதான். அன்று மதியம் இடியோடு ஒரு மழை. அக்னி நட்சத்திர வெயிலுக்கு நடுவே வந்த மழை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கரண்ட் இரண்டு முறை போய்ப் போய் வந்தது. அதற்கப்புறம் பிரிண்டர் பட்டனை அமுக்கினால் லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. "இடியில் போர்டு போயிருக்கும்மா, விடு, புதுசு அனுப்புறேன்" என்றாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். ஒடுகத்தூரிலிருந்து ஒரு ஆயா முதியோர் பென்ஷனுக்காக முதல் பஸ் பிடித்து வருவதாகச் சொல்லியிருந்தது. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கூட நம் மெஷினில்தான் எடுக்க வேண்டும். அந்தக் கிழவியை எப்படித் திருப்பி அனுப்புவது? இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு, கரண்ட் எதுவரை வருகிறது என்று சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரிண்டர் சொருகியிருந்த அதே ஓட்டையில் போன் சார்ஜரைப் போட்டேன். பக்கத்து ஓட்டையில் போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது, ஒரு ஓட்டை மட்டும் லூஸாக இருப்பது சகஜம். சார்ஜ் ஏறியது. சரி, பாக்ஸ் மேல் தப்பில்லை. பிரிண்டரை நேராகச் சுவர் ப்ளக்கில் போட்டேன். அப்பவும் இல்லை. கரண்ட் கேபிள், கம்ப்யூட்டருக்குப் போகும் யூஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன். உள்ளே தங்கிய கரண்ட் வடிந்துவிட்டால் சில மெஷின் தானாகத் தெளிந்துவிடும். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி போட்டேன். அதற்கும் மசியவில்லை.

கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் அதன் முனை எட்டு போல இருப்பது கண்ணில் பட்டது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். உன் நைனாவின் டேப் ரிக்கார்டர்! நைனா போன பிறகு அதை யாரும் தொடவில்லை. பரணிலிருந்து இறக்கினேன். கேபிளை அவர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது அப்படியே இருந்தது. ரப்பர் மட்டும் இற்றுப்போய்க் கையோடு வந்தது. அந்தக் கேபிளைப் பிரிண்டரில் சொருகிப் பட்டனை அமுக்கினேன். பச்சை லைட் எரிந்து, உள்ளே மை விடும் தலையைச் சுமக்கும் அந்த வண்டி கர்ரென்று ஒருமுறை போய் வந்தது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கண்ணா.

இடி மேல் பழி போட்டோம், காரணம் நான்தான். அன்று காலை வீடு பெருக்கும்போது மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். பின்பக்கம் கேபிள் மடங்கி நசுங்கிவிட்டது. மெஷினுக்குள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் தடவினால் ஒரு இடம் மட்டும் தொளதொளவென்று இருக்கிறது, மேல் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இப்படிப்பட்ட கேபிளை ஆட்டி ஆட்டி எரியவைக்கப் பார்க்கவே கூடாது. அறுந்த இடத்தில் பொறி தட்டிச் சூடேறும். நான் அதை இரண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போட்டேன், யாரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாதே. புதுக் கேபிள் 80 ரூபாய்.

கேபிளும் நன்றாக இருந்து எரியாமல் இருந்திருந்தால் கடைக்குத்தான் கொண்டுபோயிருப்பேன், திறந்திருக்க மாட்டேன். நீயும் எதையாவது இப்படிக் கழற்றுகிறவன், அதனால் சொல்கிறேன். நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய்ச் சுமார் 325 வோல்ட் ஆகி, கரண்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டரில் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். தீய்ந்த வாடை வந்தால் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பதுகூட வேண்டாம்.

அப்புறம், நீ போன முறை வந்தபோது வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுப் போனாய். அது வேண்டாம். பிரிண்டரின் பட்டனை அமுக்கினால்தான் மை விடும் தலை ஓரத்துக்குப் போய் மூடிமேல் உட்காரும். நடுவில் கரண்டை நிறுத்தினால் அது திறந்தே கிடந்து, இந்த வேலூர் வெயிலுக்கு மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பட்டன், லைட் அணைவது, பிறகு சுவிட்ச். உன் அறையில் இருக்கும் லேசர் பிரிண்டரையும் இன்வெர்ட்டர் ப்ளக்கில் போட்டு வைக்காதே. மைத்தூளை உருக்கி ஒட்டவைக்க உள்ளே ஒரு உருளை சூடாக வேண்டும், அதற்குப் பல நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும், இன்வெர்ட்டருக்கு அது பாரம்.

ஆயா நேற்று ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டது. மனுவை இரண்டு காப்பி அடித்துக் கொடுத்தேன், ஒன்று கொடுக்க, ஒன்று சீல் வாங்கி வைத்துக்கொள்ள. கையெழுத்து வராது, ரேகைதான். போகும்போது முடிச்சிலிருந்து காசு எடுத்தது. வாங்கவில்லை.

நைனாவின் கேபிளைப் பழையபடி சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன், புது ரப்பர் பேண்ட் போட்டு. ஆர்டரை ரத்து செய்ததும் ஒரு வார்த்தை சொல். அந்தப் பணத்தில் ஊருக்கு டிக்கெட் போடு, காட்பாடி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
அம்மா