மூன்று நிமிட வீடியோவும் நான்கு கோடு நோட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நடவு நேரத்தில் உங்களுக்கு நிற்க நேரமில்லை என்று தெரியும். ஆனாலும் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றி இப்போதே சொல்ல வேண்டும்.

பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டவே திணறுகிறார்கள். சோம்பல் இல்லை. தமிழில் எழுத்தைப் பார்த்தாலே வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'நைஃப்' என்ற சொல் 'கே' எழுத்தில் தொடங்குகிறது, 'ஐலண்ட்' நடுவில் 'எஸ்' இருக்கிறது. இரண்டும் வாயில் வருவதில்லை. காதில் கேட்கும்போதே கண்ணும் அந்தச் சொல்லைப் பார்த்தால் மனதில் நிற்கும். அதற்குத்தான் அடியில் ஆங்கில வரிகள் ஓடும் சின்ன வீடியோக்கள்.

யூடியூபில் 'சிசி' பட்டனை அழுத்தினால் வரிகள் வரும். பேச்சு வேகமாக இருந்தால் 0.75 வேகத்தில் வைக்கலாம். முதல் முறை சும்மா பார்க்கட்டும். மறுமுறை நிறுத்தி நிறுத்தி, வாய்விட்டுப் படிக்கட்டும். அப்புறம் போனை வாங்கி வைத்துவிடுங்கள். பார்த்ததை ஐந்து வாக்கியமாக நான்கு கோடு நோட்டில் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத வராது. பிழை இருந்தால் திட்ட வேண்டாம், நாங்கள் திருத்துகிறோம்.

தெரிந்த விஷயமாக இருந்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நாற்றங்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 'சீட்லிங்' என்றால் நாற்று என்று படமே சொல்லிவிடும். போன வாரம் வகுப்பில் கல்லணை பற்றி ஒரு வீடியோ காட்டினோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'எங்கள் வயலுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அந்த வரி வீடியோவிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் விளையும் ஊர்ப் பிள்ளை, தானே யோசித்து எழுதியது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

தானாக வரும் வரிகளில், முக்கியமாக ஊர்ப் பெயர்களில், தப்பு இருக்கும். அதனால் ஆசிரியர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றை வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவார்கள். அவை போதும்.

இதற்காகக் கடன்பட்டுப் போன் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டால், மாலை 5 மணி வரை பள்ளிக் கணினி அறை திறந்திருக்கும்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே டீச்சர்" என்று பல அம்மாக்கள் சொல்கிறீர்கள். தெரிய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பார்த்தே, சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். தமிழில் கோவையாகச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்