ஞாயிறு கலந்துரையாடல்: வீட்டோ அதிகாரம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குக் காணொலியில் கூடுகிறோம். பொருள்: ஐ.நா. பாதுகாப்பு சபையின் வீட்டோ, அதாவது ஒரு நிரந்தர உறுப்பு நாடு தனியாகவே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம்.

1. ஐ.நா. சாசனத்தின் 27வது பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். மூன்றே உட்பிரிவுகள்தான். ‘வீட்டோ’ என்ற சொல்லே அதில் இல்லை. நிரந்தர உறுப்பினர்களின் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ‘இசைவான வாக்குகள்’ என்றுதான் இருக்கும். சபையின் 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரித்தாலும், இந்த ஐவரில் ஒருவர் எதிர்த்தால் தீர்மானம் விழுந்துவிடும். வாக்களிக்காமல் ஒதுங்கினால் விழாது. இந்த நுணுக்கத்தை விரிவாகப் பேசுவோம்.

2. 2022 முதல், வீட்டோ பயன்படுத்தப்பட்டால் 10 வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்கிறது. இதனால் பலன் உண்டா? ஆளுக்கு 3 நிமிடம்.

3. சென்ற முறை நாலைந்து பேரே பேசினோம். புதியவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்கு அது வருத்தம். இம்முறை அவர்களே முதலில்.

4. நாட்டை விமர்சிக்கலாம், அந்நாட்டு மக்களை இழிவாகப் பேச வேண்டாம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கேயே பதிலிடுங்கள்.