இடுப்புப் பிடிப்பும் இரண்டு வார ஓய்வும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் அம்மா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. நான் ஆறு மாதமாக வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொழிற்சாலைக்கே சென்று, அங்கு உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்குப் பிசியோதெரபி அளித்து வருகிறேன். அதனால், உன் பிரிவில் மூட்டை தூக்கும் தொழிலாளியைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை இரண்டு முறை படித்தேன்.

இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவர், வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே மறுபடியும் நிமிர முடியாமல் போனதால், நடிக்கிறாரோ என்று மேலதிகாரிகள் ஐயப்படுவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அந்த ஐயத்துக்கு நீ இடம் கொடுக்காதே. அசையாமல் கிடப்பவரின் முதுகுத் தசைகள் வலுவிழந்துபோகும். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இடுப்புவலியோடு வந்தவர்களில் ஒரு சாராருக்கு இரண்டு நாளும் மறு சாராருக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள் சொல்லப்பட்டவர்களே குறைந்த விடுப்போடு வேலைக்குத் திரும்பினார்கள். வலி அனுமதிக்கும் அளவுக்கு நடமாடிக்கொண்டிருப்பதே நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலை. உன் தொழிலாளியோ இரண்டு வாரம் வலுவை இழந்துவிட்டு, முதல் நாளே முழு ஷிப்ட் மூட்டையையும் தூக்கியிருக்கிறார்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தவறு ஒன்று. தோள்வலியோடு வந்த ஒருவருக்கு ஆறு வாரம் என் அறையிலேயே வைத்துச் சிகிச்சை செய்தேன். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது தோள் மட்டத்துக்குச் சற்று முன்னும் பின்னும் மட்டும் சுருக்கென்று வலிக்கும். அதைத் தாண்டினால் வலி இருக்காது. ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, பயிற்சி எல்லாம் கொடுத்தும், வலி குறைவதும் திரும்புவதுமாகவே இருந்தது. பிறகுதான் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். காற்றில் இயங்கும் ஸ்க்ரூடிரைவர் அவர் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் கையை எட்டி அதை இழுத்து இறக்க வேண்டும். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான தடவை. பக்கத்தில் நின்ற உயரமானவருக்கு அது தொல்லையே இல்லை, இவர் குள்ளமானவர். மெக்கானிக் அந்தக் கருவியை இரண்டு சாண் இறக்கிக் கட்டிய பிறகுதான் என் பயிற்சிகள் பலிக்கத் தொடங்கின. நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700-இலேயே எழுதிவிட்டார். நான் தொழிலைக் கேட்டேன், அதைச் செய்யும் விதத்தைக் கேட்கவில்லை. அவர் வீணாக வலி பொறுத்த அந்த ஆறு வாரங்கள் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன.

உன் இடத்தில் மூட்டை 25 கிலோ என்கிறாய். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில், எல்லாம் சாதகமாக அமைந்தாலே உச்ச அளவு 23 கிலோதான். சுமை உடலை ஒட்டி இருக்க வேண்டும், ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து எடுக்க வேண்டும், உடலைத் திருப்பக் கூடாது. கணுக்காலிலிருந்து கை 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே போதும், அந்த 23 பாதியாகிவிடும். தரையிலிருந்து எடுத்துத் திரும்பி அடுக்குபவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பார். இடுப்புப் பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தாய், போதாது. மூட்டைகளுக்கு அடியில் காலிப் பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கும் தட்டுகளை, அடுக்கி, எடுக்கும் இடத்தை முழங்காலுக்கு மேலே கொண்டுவருவது அதைவிட நல்லது.

அவரை மறுபடியும் படுக்கவைக்காதீர்கள். முதல் வாரம் எடை குறைந்த வேலை, பிறகு இடுப்பு உயரத்திலிருந்து மட்டும் தூக்குவது, அதன்பின் பாதி எண்ணிக்கை என்று படிப்படியாக ஏற்றுங்கள். கூடவே ஒரு பயிற்சி. ஒரு நீளமான கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்து, பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்கும்படி இடுப்பு மூட்டிலிருந்து குனிந்து நிமிர வேண்டும். கம்பு விலகும் இடத்தில் முதுகு வளைகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லச் சொல். காலில் வலு குறைந்தாலோ, இருக்கையில் படும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டாலோ, பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போ.

வலி ஷிப்டின் எத்தனையாவது மணியில் தொடங்குகிறது, எந்த மூட்டையில் முதன்முதலாகப் பிடித்தது என்று அவரிடமே கேட்டு எழுது. மூட்டை வைத்திருக்கும் உயரத்தையும் அடுக்கும் உயரத்தையும் அளந்து அனுப்பு. அடுத்த மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுக்கிறேன். உன் மேலதிகாரிகள் அனுமதித்தால் நேரில் வந்து, அவர் ஒரு முழு ஷிப்ட் வேலை செய்வதைக் கூடவே நின்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்