காலுக்கு வைத்த தலையணை

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூசிலாந்தில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். வந்த புதிதில் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒரு பெரியவரின் காலுக்கு வைத்த தலையணையை எடுத்துத் தலைக்கு வைக்கப் போனேன், அவர் மகளுக்கு முகமே மாறிவிட்டது; மாவோரிகளுக்குத் தலை 'தாப்பு', புனிதம். (நம் வீட்டில் மட்டும் ஒத்துக்கொள்வோமா என்ன!) அறுத்தெடுத்த திசு திரும்ப வேண்டுமா என்றும் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதை மண்ணில் புதைக்க விரும்புகிறவர்கள் உண்டு. நோயாளியின் பண்பாட்டை மதித்து, அவர் பாதுகாப்பாக உணரும்படி சிகிச்சை தருவதுதான் 'பண்பாட்டுப் பாதுகாப்பு'. அந்தக் கருத்தை இங்கே வளர்த்தவரே இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ்தான். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அறுவை மருத்துவர்களின் கல்லூரி (அவர்களுக்குப் பயிற்சி தரும் தொழில்முறை அமைப்பு) ஓர் அறுவை மருத்துவருக்கு இருக்க வேண்டிய தகுதிகளில் பத்தாவதாக இதைச் சேர்த்ததோ 2020-இல்தான், ரொம்பத் தாமதம். சரி, சேர்த்தாயிற்று, ஆனால் காலை நேர அவசரத்தில் அந்தத் திசுக் கேள்வியை யாரும் கேட்காமலே படிவத்தில் டிக் விழுவதை நான் இன்னமும் பார்க்கிறேன்.

ஒரு வாசகி, ஆக்லாந்து