பனிக்கட்டியிலிருந்து எழும்பிய படகு

செங்குன்றம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அடுத்த மாதம் ஆய்வுக்குழுவினரோடு ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குப் போவதாகச் சொன்னாய். அங்கே 1925-இல் நார்வேயின் துருவப் பயணி அமுண்ட்சென் வட துருவம் நோக்கிப் போன பறக்கும் படகுகள், அதாவது படகு போன்ற அடிப்பாகம் கொண்ட விமானங்கள், உறைந்த விரிகுடாவின் மேலிருந்து கிளம்பினவாம் என்று சொல்லி, "சக்கரமே இல்லாத படகு கெட்டியான தரையிலிருந்து எப்படியப்பா எழும்பும்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனால் அவனுக்குத் தூக்கம் வருமா?

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுவிய ஈரம் காயாத சமையல் மேடையில் எவர்சில்வர் தட்டை வைத்து நேராகத் தூக்கிப் பார். மேடை அதை விடாது. விளிம்பில் கத்தி முனையைச் செருகிக் கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால், தட்டு உடனே கையோடு வந்துவிடும். பறக்கும் படகின் அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு படி வைத்துக் கட்டுவது இதற்காகத்தான். வேகமெடுக்கும் படகு முதலில் தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முடியாமல் திணறும்; இயந்திரங்களை முழு வலுவோடு ஓட்டி அந்த மேட்டைத் தாண்டிவிட்டால், அமிழ்ந்திருந்த உடல் மேலே வந்து படியின் விளிம்பில் வழுக்கி ஓடும், படிக்குப் பின்னால் காற்று புகும், நீரின் பிடி தளரும். இரண்டாம் உலகப்போரின்போது நம் புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் இருந்தன. ஏரி கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும் நாளில்தான் அவை எழும்பப் பெரும்பாடு படும் என்று உன் தாத்தா சொல்வார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொன்னது சரியே. சிற்றலை இருந்தால்தான் அடியில் காற்று புக வழி கிடைக்கும்.

பனிக்கட்டியில் இந்தப் பிடியும் இல்லை, அலை மேடும் இல்லை. ஆகவே, வழவழப்பான பனித்தரை தண்ணீரைவிடச் சுலபம் என்பதே உன் கேள்விக்கு என் பதில். அமுண்ட்சென் கொண்டுபோன இரண்டும் டோர்னியர் வால் வகை. 'வால்' என்றால் ஜெர்மன் மொழியில் திமிங்கலம். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனி மீது விதிக்கப்பட்ட தடைகளால் அவை இத்தாலியில் கட்டப்பட்டன. டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தாலான அகன்ற அடிப்பாகம். இறக்கையின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் இயந்திரங்கள். மே 21 அன்று அளவுக்கு மீறிய சுமையோடு கிங்ஸ் பே விரிகுடாவின் பனித்தரையில் சறுக்கி இரண்டும் எழும்பின. ஆனால் தண்ணீர் வளைந்து கொடுக்கும், பனிக்கட்டி கொடுக்காது. அந்த ஓட்டத்திலேயே என்24 என்ற விமானத்தின் அடியில் ரிவெட்டுகள் பிய்ந்துவிட்டன. விமானி டீட்ரிக்சன் அதைப் பொருட்படுத்தாமல் பறந்தார்.

ஏறத்தாழ எட்டு மணி நேரம் பறந்தபின், வட அட்சம் 87 பாகை 44 நிமிடத்துக்கு அருகே, பனிப்பாளங்களுக்கு நடுவில் தெரிந்த நீர்ப்பிளவுகளில் இரண்டும் இறங்கின. பிளவுகள் மூடிக்கொண்டன. என்24 ஒழுகியது. விமானத்துக்கு மூவராகத் தனித்தனியே சிக்கிய ஆறு பேரும் மற்றொரு விமானமான என்25 அருகே ஒன்றுசேரவே ஐந்து நாட்கள் ஆயின; வரும் வழியில் பனி உடைந்து நீருக்குள் விழுந்த டீட்ரிக்சனையும் மெக்கானிக் ஓம்டாலையும் உடன் வந்த அமெரிக்கர் எல்ஸ்வொர்த் இழுத்துக் கரையேற்றினார். இனி ஆறு பேருக்கும் ஒரே விமானம். அதற்கு ஓடுபாதை வேண்டும்.

நான் உனக்கு உட்கார்ந்து சொல்ல விரும்புவது இந்த ஓடுபாதையின் கதையைத்தான். அவர்களிடம் முறையான கருவிகள் இல்லை. மரத்தாலான மண்வாரிகள், ஒரு கோடரி, இடுப்புக் கத்திகள், ஒரு பனி நங்கூரம், அவ்வளவே. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் அரை பவுண்டு, அதாவது கால் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு 500 டன்னுக்கும் மேற்பட்ட பனியை வெட்டியும் நகர்த்தியும் பாதை அமைத்தார்கள். பாளங்கள் நகர்ந்து பாதை பிளந்துவிடும், வேறொன்று தொடங்குவார்கள். பனிக்கட்டிக்கு மேலே படிந்திருந்த மெத்தென்ற பனிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை. ஈர மணலில் வண்டிச் சக்கரம் புதைவதுபோல் அதில் விமானம் புதையும். இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து இழுத்தாலும் வேகம் பிடிக்காது. அதை வாரியெடுத்து மாளாது என்றிருந்த நிலையில், ஓம்டால் காலால் மிதிக்கத் தொடங்கினார். மிதித்த இடம் இறுகுவதைக் கண்ட மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். களத்து மேட்டில் மாடு சுற்றிவருமே, அப்படி அரை வயிற்றோடு ஆறு பேரும் சுமார் 500 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள பாதையை மிதித்தே கெட்டிப்படுத்தினார்கள். ஜூன் 15 அன்று, இரவுக் குளிரில் இறுகியிருந்த அந்தப் பாதையில், கொண்டுவந்த பொருட்களில் பெரும்பகுதியை அங்கேயே போட்டுவிட்டு, என்25-இன் விமானி ரீசர்-லார்சன் விமானத்தை எழுப்பினார். அவர்கள் இறந்துவிட்டதாகவே உலகில் பலர் முடிவுகட்டியிருந்தார்கள். ஸ்பிட்ஸ்பெர்கனை அடுத்த வடகிழக்குத் தீவின் அருகே கடலில் இறங்கியவர்களை ஒரு சீல் வேட்டைக் கப்பல் கண்டெடுத்தது. அமுண்ட்செனின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஓம்டாலின் கால்களுக்கும் ரீசர்-லார்சனின் கைகளுக்கும்தான் முதல் பெருமை.

வேறொரு பக்கம் யோசித்தவர்களும் உண்டு. 1939 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் கோர்சேர் என்ற பறக்கும் படகு வழி தப்பி, ஆப்பிரிக்காவில் அன்றைய பெல்ஜியன் காங்கோவில் ஒரு சிற்றாற்றில் இறங்கிச் சேதமடைந்தது. அங்கே தரையை ஓடுபாதையாக்காமல் ஆற்றுக்கு அணை கட்டி நீரைத் தேக்கினார்கள். 1940 ஜனவரியில் அது எழும்பிப் போனது. 1943-இல் வேல்ஸில் ஒரு விமானி ஓட்டையான சண்டர்லேண்ட் படகைப் புல்தரையில் இறக்கிக் காட்டினார். ஆனால் இறங்குவது வேறு, எழும்புவது வேறு.

என்25 அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1930-இல் அதே விமானத்தை வொல்ஃப்காங் ஃபோன் குரோனாவ் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிச் சென்றார். பின்னர் மியூனிக் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள், போரில் அழிந்துவிட்டது. ஆகவே நீ தேடிப் பார்க்க விமானம் இல்லை. கிங்ஸ் பேயில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்கும். அதை இந்தப் பயணத்தோடு குழப்பிக்கொள்ளாதே, அது மறு ஆண்டு 'நார்கே' ஆகாயக் கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்துவதற்காக எழுப்பியது. கோபுரத்தைவிட விரிகுடாவையே பார். அன்று மே 21-இல் நிறைசுமை விமானங்கள் இரண்டைத் தாங்கிய பனி, இந்த மே மாதத்தில் அங்கே இருக்கிறதா, இருந்தால் எத்தனை கனம் என்று அளந்து எழுது.

கையுறையை மறக்காமல் எடுத்துக்கொள். இது அம்மா சொல்லச் சொன்னது.

அன்புடன்,
அப்பா