முதியோருக்கு முதல் தடை மாடிப்படி

ஆசிரியருக்கு,

'அன்புச்சோலை' முதியோர் பகல்நேர மையங்கள் பற்றிய செய்தியைப் படித்தேன். தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் 10 கோடி ரூபாயில் 25 மையங்கள் என்று அறிவித்தார்கள், நல்ல விஷயம்தான், பகலில் பேச்சுத்துணையும் விளையாட்டும் கிடைக்கும். ஆனால் வீட்டைவிட்டு இறங்க முடிந்தவர்களுக்குத்தானே அது? 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட, அரசு தரும் தங்குமிடம் என்று பார்த்தால், மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லம் என்றுதான் பேசுகிறது. பெரும்பாலான முதியவர்கள் இருப்பதோ சொந்த வீட்டில், இல்லாவிட்டால் வாடகை வீட்டில்.

நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் என் அம்மா முழங்கால் வலி வந்தபிறகு மருத்துவரைப் பார்க்க மட்டும்தான் கீழே இறங்குகிறார், அதுவும் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்தால். தெருவுக்கு வந்தால் நடைபாதை முழுக்க பைக்குகள், அது வேறு கதை. எனவே மாநகராட்சி ஒவ்வொரு வார்டிலும் தனியாகவும் மாடியிலும் வசிக்கும் முதியவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். அரசுக் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகளை அவர்களுக்கு முதலில் ஒதுக்கவும், விரும்புவோர் வீடு மாற்றிக்கொள்ளவும் வழி செய்யலாம். அப்புறம், மையத்துக்கு அழைத்துப்போக ஒரு வேனும் விடலாம்.

- ஒரு வாசகர், மதுரை